சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் எங்கே?

என் பெரியப்பா 1996இல் எழுதிய உயில் மூன்று பக்கம். தட்டச்சு செய்து, பதிவும் செய்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அவருடைய கையெழுத்து, கடைசி எழுத்தில் அந்தச் சுழியோடு. மூத்தவனுக்கு வீடு, இளையவனுக்கு நஞ்சை, மகளுக்கு வங்கியில் இருந்த பணம், பெரியம்மாவுக்கு ஆயுள் உள்ளவரை வீட்டில் குடியிருக்கும் உரிமை. யாரையும் ஒதுக்கவில்லை. கணக்காகப் பார்த்துப் பார்த்துத்தான் பிரித்திருந்தார்.

அவர் இறந்த ஒரு வருடத்துக்குள் இளையவன் வழக்குப் போட்டான். அந்த உயிலே பொய் என்றான். நீதிமன்றம் கேட்ட முதல் கேள்வி, யாருக்கு எவ்வளவு என்பது பற்றியதல்ல. சாட்சிகள் எங்கே என்பதுதான். முதல் சாட்சி பெரியப்பாவின் நண்பர். அவர் பெரியப்பாவுக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். இரண்டாவது சாட்சியின் இடத்தில் ஒரு கிறுக்கல்; அதன் கீழே தகப்பனார் பெயர், பாதி அழிந்த ஓர் ஊர்ப்பெயர். அவ்வளவுதான். ஆளைக் கண்டுபிடிக்க ஒன்பது மாதம் ஆனது. அன்றைக்குத் தன்னுடைய கிரயப் பத்திரத்தைப் பதிவு செய்ய வந்து வரிசையில் காத்திருந்தவராம். ஆவண எழுத்தரின் கையாள், 'அண்ணே, இதிலே ஒரு சாட்சி போட்டுவிட்டுப் போங்கள்' என்றிருக்கிறான். போட்டிருக்கிறார். கூண்டில் ஏறி அவர் உண்மையைத்தான் சொன்னார்: "கையெழுத்து என்னுடையது. அந்தப் பெரியவரைப் பார்த்த ஞாபகம் இல்லை."

வழக்கு எட்டு ஆண்டுகள் இழுத்துச் சமரசத்தில் முடிந்தது. வக்கீல் செலவுக்காக நஞ்சையில் ஒரு துண்டு கைமாறியது.

உயில் எழுதுகிறவர்கள் யாருக்கு எது என்று ஆறு மாதம் தூக்கம் கெட்டு யோசிக்கிறார்கள். சாட்சி யார் என்பதற்கு ஆறு நிமிடம்கூடச் செலவழிப்பதில்லை. அலுவலக வாசலில் நிற்பவர், டீக்கடைக்காரர், ஆட்டோ ஓட்டி வந்தவர் என்று யார் கைக்கு அகப்படுகிறாரோ அவர். மற்றப் பத்திரங்களுக்கு இது பெரிய குறையாகாமல் போகலாம். கிரயத்தில் சண்டை வந்தால் விற்றவரும் வாங்கியவரும் பெரும்பாலும் உயிரோடு இருப்பார்கள்; கேட்டுக்கொள்ளலாம். உயில் மட்டும், எழுதியவர் இல்லாத நேரத்தில்தான் வேலை செய்யத் தொடங்குகிறது. 'ஆமாம், இது நான் எழுதியதுதான்' என்று சொல்ல வேண்டியவரின் இடத்தில் அந்த இரண்டு சாட்சிகள் நிற்கிறார்கள்.

1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் இதற்கு வைத்திருக்கும் விதி சுருக்கமானது. அதன் 63ஆம் பிரிவு கேட்பது மூன்றே: எழுதுகிறவர் கையெழுத்திட வேண்டும், அல்லது கைநாட்டு வைக்க வேண்டும்; குறைந்தது இரண்டு சாட்சிகள் அவர் கையெழுத்திடுவதைப் பார்த்திருக்க வேண்டும், அல்லது 'இது என் கையெழுத்துதான்' என்று அவர் வாயால் கேட்டிருக்க வேண்டும்; அந்தச் சாட்சிகள் அவர் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் இருந்தாக வேண்டும் என்பதில்லை. உயிலில் என்ன எழுதியிருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டியதும் இல்லை. சாட்சியிடம் உள்ளடக்கத்தைக் காட்டினால் ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும் என்று பயப்படுகிறவர்கள், எழுத்தை ஒரு தாளால் மூடிக்கொண்டு கையெழுத்து வாங்கலாம்.

முத்திரைத்தாள் வேண்டாம். பள்ளி நோட்டிலிருந்து கிழித்த தாளில் சொந்தக் கையால் எழுதினாலும் உயில் உயில்தான். பதிவும் கட்டாயமில்லை. இதைச் சொன்னால் நம்பாதவர்கள் அதிகம்; 'ரிஜிஸ்டர் பண்ணாத உயில் செல்லாது' என்பது நம் ஊரில் வேதவாக்கு. பதிவு செய்வதில் நன்மை உண்டு, மறுக்கவில்லை. எழுதியவர் நேரில் வந்தார், புகைப்படமும் கைரேகையும் கொடுத்தார், அன்றைக்கு நடமாட்டத்தோடு இருந்தார் என்பதற்கு ஓர் அரசுப் பதிவு கிடைக்கிறது. தொலைந்தால் நகல் எடுக்கலாம். ஆனால் பதிவு செய்துவிட்டதாலேயே ஓர் உயில் மெய்ப்பிக்கப்பட்டதாகிவிடாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. ஒரு சாட்சியாவது உயிரோடு, சாட்சி சொல்லும் நிலையில் இருந்தால் அவரை அழைத்தே தீர வேண்டும் என்பது பழைய சாட்சியச் சட்டத்தின் 68ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய சட்டத்தில் அதே விதி 67ஆம் பிரிவாக அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

இங்கே ஒரு நுணுக்கம் பலருக்குப் பிடிபடுவதில்லை. சார்பதிவாளர் முன்னால் 'இவர்தான் இன்னார்' என்று அடையாளம் காட்டிக் கையெழுத்திடுகிறார்களே, அவர்கள் வேறு. உயிலின் சாட்சிகள் வேறு. அடையாளம் காட்டியவர், உயில் எழுதியவர் உயிலில் கையெழுத்திட்டதைப் பார்த்தவராக இருக்க வேண்டிய அவசியமில்லை. சார்பதிவாளரும் அந்தப் பதவியினாலேயே சாட்சியாகிவிட மாட்டார். பத்திரத்தின் பின்பக்கம் நான்கு கையெழுத்தும் இரண்டு முத்திரையும் இருக்கின்றன என்று நிம்மதியாக இருப்பவர்கள், முன்பக்கத்தில் சாட்சிகள் இருவர் யார் என்று ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொள்வது நல்லது.

அப்படியென்றால் யாரைக் கேட்பது? எழுதுகிறவரைவிடப் பத்து, பதினைந்து வயது இளையவராக இருக்க வேண்டும். அறுபது வயதுக்காரருக்கு எழுபது வயது நண்பர் சாட்சி என்பது பாசத்துக்குச் சரி, சட்டத்துக்கு உதவாது. ஊரைவிட்டு ஓடிவிடாத ஆளாக இருக்க வேண்டும். கூண்டில் நின்று, 'அன்றைக்கு அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துப் பார்த்தார், பிறகு கையெழுத்திட்டார்' என்று சொல்லக்கூடியவராக இருக்க வேண்டும். குடும்ப மருத்துவர் இசைந்தால் அதைவிட மேல் இல்லை. எழுதியவரின் மனத்தெளிவுக்கும் அவரே சாட்சியாகிவிடுகிறார். கையெழுத்தின் கீழே முழுப் பெயர், தகப்பனார் பெயர், கதவு எண்ணோடு முகவரி, வயது எல்லாம் தெளிவாக எழுதி வாங்க வேண்டும்.

உயிலால் பயன்பெறுகிறவர் சாட்சியாக இருக்கலாமா? மதத்தைப் பொறுத்து விடை மாறுகிறது. கிறிஸ்தவர் எழுதிய உயிலில் சாட்சி போட்டவருக்கோ அவருடைய கணவன் மனைவிக்கோ எழுதிவைத்தது செல்லாது; உயிலின் மற்றப் பகுதி நிற்கும், அவர் பங்கு மட்டும் போய்விடும். இந்துக்களுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. பொருந்தாது என்பதற்காக மகனைச் சாட்சி போடவைத்து வீட்டையும் அவனுக்கே எழுதினால், எதிர்க்கட்சி வக்கீலுக்கு நாமே வாதம் எழுதிக் கொடுத்தது போலாகும்.

உச்ச நீதிமன்றம் 1958இல் வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் சொன்னதுதான் இன்றுவரை எல்லா உயில் வழக்குகளுக்கும் அடிப்படை. உயிலைக் காட்டி உரிமை கேட்கிறவரே அதைச் சுற்றியுள்ள சந்தேகங்களைத் தீர்த்துவைக்க வேண்டும். நடுங்கும் கையெழுத்து, மருத்துவமனைப் படுக்கையில் எழுதியது, மனைவியையோ ஒரு பிள்ளையையோ காரணம் சொல்லாமல் விட்டது, அதிகம் பெறுகிறவரே முன்னின்று வக்கீலைப் பார்த்து எழுதவைத்தது, எழுதியவர் இறந்து நான்கைந்து வருடம் கழித்துத் திடீரென்று பெட்டிக்குள்ளிருந்து உயில் முளைத்தது. இவற்றில் ஒன்று இருந்தால் விளக்கம் சொல்லித் தப்பலாம். மூன்று சேர்ந்தால் நீதிபதியின் புருவம் ஏறிவிடும்.

சமமாகப் பிரிக்காவிட்டால் காரணத்தை ஒரு வரி எழுதுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான். அந்தக் காரணம் உண்மையாகவும் இருக்க வேண்டும். 'என் மகளுக்குத் திருமணத்தின்போது வேண்டிய சீர்வரிசைகளைச் செய்துவிட்டபடியால் அவளுக்கு எதுவும் வைக்கவில்லை' என்ற வரியைத் தமிழ்நாட்டு உயில்களில் எத்தனை முறை படித்திருப்பேன் என்று கணக்கில்லை. படிக்கும்போதெல்லாம் எரிச்சல்தான் வருகிறது. பல வீடுகளில் மகனின் கல்லூரிக் கட்டணம் அந்தச் சீர்வரிசையைவிட அதிகம். அதை யாரும் உயிலில் கழிப்பதில்லை. சுயசம்பாத்தியத்தை யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம் என்பது சட்டம், அதில் மறுப்பில்லை. பூர்வீகச் சொத்து என்றால் கதை வேறு. தமிழ்நாடு 1989லேயே, அப்போது திருமணமாகாதிருந்த மகள்களுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் பிறப்புரிமை கொடுத்துவிட்டது. 2005இல் மத்திய அரசின் திருத்தம் எல்லா மகள்களுக்கும் கொடுத்தது. அந்தத் திருத்தம் வந்த தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பத்தையும் 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது; வேண்டியதில்லை. ஆகவே பாட்டனார் வழிச் சொத்து முழுவதையும் ஓர் அப்பா உயிலில் மகன்களுக்கு எழுதினால், தன் பங்கு தவிர மற்றது அவர் எழுதுவதற்கு உரிமையில்லாத சொத்து. அந்த உயிலுக்கு அவ்வளவு தூரம்தான் ஓட்டம்.

நம் பழைய சட்டத்தில் உயில் என்ற ஏற்பாடே கிடையாது. சொல்லே ஆங்கிலத்திலிருந்து வந்து, தமிழில் ஒட்டிக்கொண்டு, இப்போது பிறவித் தமிழ்ச்சொல்போல் உட்கார்ந்திருக்கிறது. கிழக்கிந்தியக் கும்பினி காலத்துச் சென்னைப்பட்டணத்தில் ஐரோப்பியரோடு தொழில் செய்தவர்கள் அந்த வழக்கத்தைப் பிடித்துக்கொண்டார்கள். துபாஷியாக, அதாவது ஐரோப்பியருக்கு மொழிபெயர்ப்பாளரும் இடைத்தரகருமாக இருந்து பெரும்பொருள் ஈட்டிய பச்சையப்ப முதலியார் 1794இல் மறைந்தபோது தன் செல்வத்தின் பெரும்பகுதியை அறத்துக்கு என்று உயில் எழுதிவைத்திருந்தார். எழுதிவைத்தால் போதுமா? பணம் யார் கையிலோ சிக்கி, வழக்காகி, பல்லாண்டுகள் முடங்கிக் கிடந்தது. அட்வகேட் ஜெனரலாக இருந்த ஜார்ஜ் நார்ட்டன் தலையிட்டு மீட்ட பிறகு, 1842இல்தான் அவர் பெயரில் பள்ளி திறந்தது. நாற்பத்தெட்டு ஆண்டுகள். அந்தப் பள்ளிதான் பின்னாளில் கல்லூரியாக வளர்ந்தது. எழுதியதை நிறைவேற்ற நம்பகமான ஆள் வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் நம் ஊரில் இல்லை.

சென்னைப்பட்டணத்துக்கு வெளியே, மாவட்டங்களில் இந்துக்கள் வாய்மொழியாகவே உயில் சொல்ல முடிந்த காலமும் இருந்தது. 1927 ஜனவரி 1 முதல்தான் எழுத்தும் இரண்டு சாட்சியும் எல்லா இந்துக்களுக்கும் கட்டாயமாயின. 'அப்பா சாகும்போது என்னிடம் சொன்னார்' என்று இன்றும் பஞ்சாயத்தில் சத்தியம் செய்கிறவர்கள் நூறு வருடம் பின்தங்கியிருக்கிறார்கள்.

இஸ்லாமியர்களுக்கு வாய்மொழி உயில் இன்றும் செல்லும். ஆனால் ஈமச்சடங்குச் செலவும் கடனும் போக மீதியில் மூன்றில் ஒரு பங்கை மட்டுமே உயிலால் கொடுக்க முடியும். அதையும் வாரிசாக இருக்கும் ஒருவருக்கு எழுதினால் மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும். கிறிஸ்தவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: திருமணத்துக்கு முன் எழுதிய உயில் திருமணத்தோடு ரத்தாகிவிடும். இந்துக்களுக்கு அப்படி ஆகாது. இருபத்தைந்து வயதில் அம்மா பெயருக்கு எழுதிவைத்த உயில் நாற்பது வயதில் மனைவியின் தலையில் விடிவதுண்டு.

எழுதாமலே போனால் என்ன ஆகும்? 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, ஓர் ஆண் இறந்தால் மனைவி, மகன்கள், மகள்கள், தாய் எல்லோருக்கும் சம பங்கு. தகப்பனார் அந்த முதல் வகுப்பில் இல்லை, தாய் இருக்கிறார். இதைத் தெரியாதவர்கள் இன்றும் நிறைய. நாற்பத்தைந்து வயதில் ஒருவர் மாரடைப்பில் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். தாம்பரம் பக்கம் கடனில் வாங்கிய அடுக்குமாடி வீடு. மனைவி, ஒரு மகள், தாய். மூன்று பேருக்கும் மூன்றில் ஒரு பங்கு. மருமகளும் மாமியாரும் ஒற்றுமையாகத்தான் இருக்கிறார்கள். தவணையை மருமகளே கட்டி முடிக்கிறாள். பத்து ஆண்டு கழித்து மாமியார் இறக்கிறார், அவரும் உயில் எழுதவில்லை. அவருடைய மூன்றில் ஒரு பங்கு அவருடைய மற்றப் பிள்ளைகளுக்கும், இறந்த மகனின் மகளுக்குமாகப் பிரிகிறது. அந்த வீட்டை விற்கப் போகும்போது கோயம்புத்தூரில் இருக்கும் மைத்துனரும் நாத்தனாரும் கையெழுத்திட வர வேண்டும். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஒரு தாள் இல்லாததால் வந்த வினை.

பெண்களின் சொத்தில் சட்டம் இன்னும் கோணலாக நிற்கிறது. பிள்ளையும் கணவரும் இல்லாமல் ஓர் இந்துப் பெண் உயிலின்றி இறந்தால், அவள் சொந்தமாகச் சம்பாதித்தது முதலில் கணவரின் வாரிசுகளுக்குப் போகிறது. பெற்ற தாய் தகப்பனுக்கு அதன் பிறகுதான். 2009இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்த ஒரு வழக்கைப் படித்தால் மனம் ஆறாது. 1955இல் திருமணம், மூன்றே மாதத்தில் கணவர் இறந்தார். புகுந்த வீட்டார் அவளைத் துரத்திவிட்டார்கள். தாய்வீட்டில் படித்து, வேலைக்குப் போய், வங்கியிலும் வருங்கால வைப்பு நிதியிலும் சேமித்து, 1996இல் உயில் எழுதாமல் இறந்தாள். அவள் தாய் கேட்டார். கிடைக்கவில்லை. நாற்பது ஆண்டுகளாக எட்டிப் பார்க்காத கணவரின் சகோதரி மகன்களுக்குப் பணம் போனது. அனுதாபம் சட்டமாகாது என்ற ரீதியில் தீர்ப்பு அமைந்தது. இதே பிரிவை எதிர்த்து வந்த ஒரு மனுவை 2025 நவம்பரில் முடித்துவைத்தபோது, பெண்கள், குறிப்பாக இந்துப் பெண்கள், உயில் எழுதிவையுங்கள் என்று உச்ச நீதிமன்றமே வேண்டுகோள் விடுத்தது. சட்டத்தை மாற்றாமல் உயில் எழுதச் சொல்வது எனக்கு முழுத் திருப்தி தரவில்லை. ஆனாலும் வேலைக்குப் போகும் எந்தப் பெண்ணிடமும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: உங்கள் வைப்பு நிதி யாருக்கு?

ஜெயலலிதா உயிலின்றி மறைந்தார் என்ற அடிப்படையில்தான் அவர் சொத்து வழக்கும் நடந்தது. 2016 டிசம்பரில் மறைவு. 2020 மே மாதம் அண்ணன் பிள்ளைகள் தீபாவும் தீபக்கும் வாரிசுகள் என்று சென்னை உயர் நீதிமன்றம் அறிவித்தது. போயஸ் தோட்ட வீட்டின் சாவி அவர்கள் கைக்கு வந்தது 2021 டிசம்பரில். இடையில் அரசு அதை நினைவில்லமாக்கக் கையகப்படுத்தியதும், அது ரத்தானதும் நடந்தன.

'நாமினி போட்டாயிற்று, அப்புறம் உயில் எதற்கு?' என்று கேட்பவர்கள் உண்டு. நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளும் கை, உடைமை அவருடையதாகிவிடாது. காப்பீட்டில் இதை 1983லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. பங்குகளுக்கும் இதே நிலைதான் என்று 2023 டிசம்பரில் சொன்னது. வங்கியில் அண்ணனை நாமினியாகப் போட்டிருந்தால் வங்கி அண்ணனிடம் பணத்தைக் கொடுத்துத் தன் பொறுப்பை முடித்துக்கொள்ளும். அண்ணன் அதை வாரிசுகளுக்குக் கொடுக்கக் கடமைப்பட்டவர். 2015க்குப் பிறகு ஆயுள் காப்பீட்டில் மட்டும் ஒரு விலக்கு: பெற்றோர், கணவன் மனைவி, பிள்ளைகளை நாமினியாகப் போட்டால் அவர்களே அனுபவிக்கும் உரிமையாளர்கள். 2025 நவம்பர் முதல் வங்கி வைப்புக்கு நான்கு நாமினிகள்வரை போடலாம். வசதிதான், உயிலுக்கு மாற்று அல்ல. நாமினி பெயரும் உயிலும் முரண்படாமல் பார்த்துக்கொண்டால் பாதிச் சண்டை குறையும்.

உயில் வேண்டாம், இப்போதே செட்டில்மெண்ட் எழுதி, உயிரோடு இருக்கும்போதே சொத்தை மாற்றிக் கொடுத்துவிடுகிறேன் என்பவர்களும் இருக்கிறார்கள். இரத்த உறவுக்குள் எழுதும் செட்டில்மெண்டுக்குத் தமிழ்நாட்டில் கட்டணம் குறைவு. 2023 ஜூலையில் உயர்த்திய பிறகும் முத்திரைத்தீர்வை ஒரு சதவீதம், உச்சவரம்பு 40,000 ரூபாய், பதிவுக்கட்டண உச்சவரம்பு 10,000 ரூபாய். பிறகு வழக்கு வருவதும் குறைவு. ஆனால் கையெழுத்திட்ட அந்த நிமிடமே வீடு நம்முடையதல்ல. உயிலை நாளைக்கே கிழித்துப்போட்டு வேறு எழுதலாம்; செட்டில்மெண்டை நினைத்தபடி திரும்பப் பெற முடியாது. பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி, கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்ததைப் பிள்ளைகள் கவனிக்காதபோது ரத்து செய்யக் கோட்டாட்சியரிடம் போகலாம். எண்பது வயதில் கோட்டாட்சியர் அலுவலகப் படி ஏறுவதற்குப் பதில், தன் காலம்வரை தன் பெயரிலேயே வைத்துக்கொண்டு உயில் எழுதுவதே மரியாதை என்பது என் கட்சி. எழுதிக்கொடுத்தே தீர வேண்டுமென்றால், ஆயுள்வரை குடியிருக்கும் உரிமையையும் பராமரிப்பு நிபந்தனையையும் பத்திரத்திலேயே எழுதவைக்க வேண்டும்.

ஆயுள் உரிமை என்றதும் ஒரு எச்சரிக்கை. 'என் மனைவி ஆயுள்வரை அனுபவித்து, அவளுக்குப் பின் என் மகன்கள் சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவிக்க வேண்டியது' என்பது நம் உயில்களின் மாமூல் வாசகம். மனைவிக்கு ஏற்கெனவே இருக்கும் ஜீவனாம்ச உரிமைக்கு ஈடாகக் கொடுத்ததென்றால், அந்த ஆயுள் உரிமை முழு உரிமையாகவே மலர்ந்துவிடும் என்று 1977இல் துளசம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பிறகு வந்த தீர்ப்புகள் இரண்டு பக்கமும் இழுத்ததால், 2024 டிசம்பரில் இந்தக் கேள்வி பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டது. என்ன நினைத்து எழுதினோம் என்பதை ஆவண எழுத்தரின் மாமூல் வாசகத்திடம் விட்டுவிடாமல், 'அவளுக்கு விற்கும் உரிமை உண்டு' அல்லது 'இல்லை' என்று பச்சையாக எழுதுவதே நல்லது. உயிலில் இரண்டு வாசகங்கள் ஒத்துப்போகாமல் மோதினால் பின்னால் வருவதுதான் நிற்கும் என்பதும் சட்டம். மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக எழுதிக் குழப்பியவர்களுக்கு இது தெரிந்திருக்காது.

சொத்து விவரத்தில் கஞ்சத்தனம் கூடாது. சர்வே எண், பட்டா எண், நான்கு எல்லை, அளவு, மூலப்பத்திரத்தின் எண்ணும் ஆண்டும். நகைகளைப் பொதுவாக 'நகைகள்' என்று எழுதாமல், 'எட்டுப் பவுன் காசுமாலை, அம்மாவின் வைரத்தோடு' என்று பெயர் சொல்லி எழுதலாம்; வீடு பிரித்த குடும்பங்கள் பேசிக்கொள்கின்றன, வைரத்தோட்டில் பிரிந்தவை பேசிக்கொள்வதில்லை. 'இதில் குறிப்பிடாததும் இனி நான் சேர்ப்பதுமான சொத்துகள் இன்னாருக்கு' என்ற ஒரு வரி விட்டுப்போனால், கடைசியாக வாங்கிய மனைக்கு உயில் இருந்தும் இல்லாத கதைதான். எழுதிவைத்தவருக்கு முன்பே பெறுபவர் இறந்துவிட்டால் அந்தக் கொடை பொதுவாக வீணாகும். இறந்தவர் சொந்தப் பிள்ளையாக இருந்து அவருக்கும் பிள்ளைகள் இருந்தால் அது வீணாகாது. மனைவிக்கு எழுதி, மனைவி முந்திக்கொண்டால் அந்தக் காப்பு இல்லை. 'அவள் இல்லாவிட்டால்' என்று ஒரு வரி சேர்த்துவிடலாம்.

உயிலில் எழுதியதை நடத்திவைக்க நிறைவேற்றுநர் ஒருவரைப் பெயர் சொல்லி நியமிப்பதும் முக்கியம். சென்னை நகர எல்லைக்குள் எழுதிய உயிலுக்கும், அங்குள்ள வீடு நிலம் பற்றிய உயிலுக்கும் உயர் நீதிமன்றத்தில் புரொபேட், அதாவது உயில் மெய்யென்று நீதிமன்றம் தரும் சான்று, வாங்கியாக வேண்டும் என்ற கட்டாயம் நூறாண்டாக இருந்தது. மதுரைக்காரருக்கும் திருநெல்வேலிக்காரருக்கும் அது இல்லை. அந்த 213ஆம் பிரிவை 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. கட்டாயம் போயிற்றே தவிர, தகராறு செய்யும் வாரிசு இருக்கிற வீடுகளில் புரொபேட்டுக்கு மதிப்பு போகவில்லை. அதைக் கேட்டு வாங்கும் உரிமை நிறைவேற்றுநருக்குத்தான்.

எழுதி முடித்த உயிலை எங்கே வைப்பது? பீரோவில் வைத்தால் முதலில் திறப்பவர் கையில் இருக்கிறது அதன் விதி. பதிவு செய்த உயில் சார்பதிவகத்தில் 3ஆம் புத்தகத்தில் ஏறுகிறது; வில்லங்கச் சான்றிதழில் வராது. எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை நகல் அவருக்கோ அவருடைய முகவருக்கோ மட்டும்தான். அதிகம் பேர் பயன்படுத்தாத இன்னொரு வழியும் உண்டு: உயிலை உறையிலிட்டு முத்திரை வைத்து மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கலாம். உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. இறந்த பிறகு விண்ணப்பித்தால் விண்ணப்பித்தவர் முன்னிலையில் உறையைப் பிரித்து, புத்தகத்தில் நகலெடுத்துக்கொண்டு, அசலைத் தன்னிடமே வைத்துக்கொள்வார்.

பெரியப்பா வீட்டு வழக்கு முடிந்த அடுத்த மாதமே என் அப்பா புதிதாக உயில் எழுதினார். ஒரு சாட்சி எங்கள் தெரு மருந்துக்கடைக்காரரின் மகன், அப்போது முப்பது வயது. இன்னொருவர் பக்கத்து வீட்டு ஆசிரியை. இருவரையும் கூடத்தில் உட்காரவைத்து, காபி கொடுத்து, அவர்கள் பார்க்கக் கையெழுத்திட்டார். ஆசிரியை போன வருடம் மாற்றலாகித் திண்டுக்கல் போய்விட்டார். புது முகவரியை வாங்கி, அப்பா அதை ஒரு துண்டுத்தாளில் எழுதி உயில் உறையோடு சேர்த்து ஊசி குத்தி வைத்திருக்கிறார்.